நெல்லா, பதரா? ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி-யை எண்ணும் ஐ.பி.டி.ஏ சோதனை: ஒரு மதிப்பாய்வு

எச்.ஐ.வி-யை அடியோடு ஒழிக்க முயலும் ஆய்வுகளில் மருந்துக்குப் பஞ்சமில்லை, அளவுகோலுக்குத்தான் பஞ்சம். ஒரு மருந்து கொடுத்தபின் உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ் குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்று விரைவாகவும் நம்பும்படியும் சொல்ல வழியில்லாமலே இருபது ஆண்டுகள் ஓடின. அந்த இடத்தைப் பிடிக்க 2019-ல் வந்தது ஐ.பி.டி.ஏ. பழுதில்லாத புரோவைரஸ் (செல்லின் குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட வைரஸ்) டி.என்.ஏ-வை எண்ணும் சோதனை என்பது பெயரின் விரிவு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோவும் ஜேனட் சிலிசியானோவும் நடத்தும் ஆய்வகத்தில் உருவாகி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பால்டிமோரில் உள்ள அக்சிலெவிர் டயக்னாஸ்டிக்ஸ் இதைக் கட்டணச் சேவையாகச் செய்து தருகிறது. டி.என்.ஏ-வை நுண்துளிகளாகப் பிரித்து எண்ணும் டிராப்லெட் டிஜிட்டல் பி.சி.ஆர் கருவி வைத்திருக்கும் ஆய்வகங்கள், வெளியிடப்பட்ட பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ துண்டு), புரோப் (பொருந்தினால் ஒளிரும் துண்டு) வரிசைகளைச் செய்வித்துத் தாங்களே நடத்துகின்றன. இங்கே எழுதுவது முக்கியமாக இந்த இரண்டாம் வகையினருக்கு. மாதிரியைச் சேவைக்கு அனுப்புகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஆளின் தேக்கம், அதாவது உடலில் ஒளிந்திருக்கும் வைரஸின் இருப்பு, காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இன்று கையில் இருப்பதில் இதுவே சிறந்தது. ஒருவர் குணமாகிவிட்டாரா என்று கேட்டால் இதற்குப் பதில் தெரியாது. இந்திய ரத்தத்தில் அப்படியே தூக்கிப் போட்டால் தப்பான எண் தரும்.

பழைய தராசுகளில் என்ன குறை

கூட்டு மருந்து எடுப்பவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 50 பிரதிக்குக் கீழே போய்விடும். ஆனால் ஓய்வு நிலையில் இருக்கும் நினைவு சி.டி.4 செல்களில் (எச்.ஐ.வி தாக்கும் வெள்ளை அணுக்கள்) சிலவற்றின் குரோமோசோமுக்குள் வைரஸின் டி.என்.ஏ ஒட்டிக்கொண்டு உறங்குகிறது. இதுதான் புரோவைரஸ். செல் எதையும் தயாரிக்காதவரை மருந்துக்கும் அது தெரியாது, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தெரியாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். மருந்து எடுப்பவர்களிடமும் இந்தத் தேக்கம் அழியாமல் இருக்கிறது என்று 1997-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. அதன் அரை ஆயுள் சுமார் 44 மாதம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் மருந்தால் மட்டும் கரைய 70 ஆண்டுக்கு மேல் ஆகும்.

அந்தக் கணக்கைத் தந்தது க்யூ.வி.ஓ.ஏ என்ற வளர்ப்புச் சோதனை. விதை நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது. 120 முதல் 180 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, ஓய்வு சி.டி.4 செல்களைப் பிரித்து, கிணற்றுக்கு (தகட்டில் உள்ள சிறு குழி) பத்து லட்சம் செல்லில் தொடங்கி ஐந்தைந்து மடங்காக நீர்த்து, பி.எச்.ஏ என்ற தூண்டுபொருள் கொடுத்து எழுப்பி, தொற்றில்லாதவரின் செல்களைச் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் கழித்து எந்தக் கிணற்றில் வைரஸின் பி24 புரதம் வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முளைத்தது நிச்சயமாக நெல்தான். அதுவே இதன் பெருமை. ஆனால் முளைக்காததெல்லாம் பதர் அல்ல. முதல் தடவை எழாத செல்கள் இரண்டாம் தடவை எழுப்பும்போது வைரஸை விடுவதுண்டு. 2013-ல் சிலிசியானோ ஆய்வகம் முளைக்காத 213 புரோவைரஸ்களை வரிசைப்படுத்திப் பார்த்தது. 11.7 விழுக்காடு பழுதில்லாதவை. உண்மையான தேக்கம் வளர்ப்புச் சோதனை காட்டுவதைவிட 60 மடங்கு வரை பெரிதாக இருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. விளைவின் சிதறலும் அதிகம். ஒரே ஆளிடம் ஆறு மடங்குக்கு மேல் குறைந்தால்தான் அது மருந்தின் வேலை என்று துணிந்து சொல்லலாம்.

மறுபக்கம் சாதாரண பி.சி.ஆர். வைரஸின் ஏதோ ஒரு துண்டு, பெரும்பாலும் காக் ஜீன், எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது. மலிவு, ஒரு நாளில் முடியும். களத்தில் கிடப்பதையெல்லாம் மரக்காலில் அள்ளி நெல் என்று கணக்கெழுதுவதும் இதுவும் ஒன்று. வைரஸ் தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ ஆக்கும்போது பெரும் துண்டுகளைத் தவறவிடும். ஏ.பி.ஓ.பி.இ.சி3 என்ற நம் செல்லின் நொதி ஜி எழுத்துகளை ஏ-வாக மாற்றிக் கெடுத்தும் வைக்கும். நாட்பட்ட தொற்றுள்ளவர்களிடம் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட புரோவைரஸ்கள் இப்படிப் பழுதானவை. வளர்ப்புச் சோதனையின் எண்ணைவிட இது சராசரியாக 300 மடங்கு அதிகம் காட்டும். நூறில் தொண்ணூற்றைந்து பதராக இருக்கும் குவியலில் மீதி ஐந்து நெல்லையும் ஒரு மருந்து அழித்துவிட்டாலும் மொத்த எண் அசையாது. 2020-ல் 'லேன்செட்' வெளியிட்ட பிரிட்டனின் ரிவர் சோதனையில், 60 பேரில் வோரினோஸ்டாட்டும் (உறங்கும் வைரஸை எழுப்பும் மருந்து) தடுப்பூசியும் பலன் தருகிறதா என்பதற்கு முதன்மை அளவீடே மொத்த எச்.ஐ.வி டி.என்.ஏ-தான். வித்தியாசம் தெரியவில்லை. வளர்ப்புச் சோதனையும் வேறு அளவீடுகளும் அதையே சொன்னதால் முடிவு நிற்கிறது. முதல் எண்ணை மட்டும் வைத்திருந்தால் நின்றிருக்காது.

இரு முனையையும் தொட்டுப் பார்ப்பது

ஐ.பி.டி.ஏ-யின் யோசனை எளிமையானது. ஏறத்தாழ 9,700 எழுத்து நீளமுள்ள வைரஸ் மரபணுவில், எங்கே தொட்டால் அதிகப் பழுது பிடிபடும் என்று நூற்றுக்கணக்கான வரிசைகளை வைத்துத் தேடி இரண்டே இடங்களைத் தேர்ந்தார்கள். ஒன்று முன்முனையில் சை எனப்படும் பொதி அடையாளப் பகுதி. மற்றது பின்பக்கம் என்வ் ஜீனுக்குள் ஆர்.ஆர்.இ பகுதி. இரண்டுக்கும் நடுவே ஏழாயிரம் எழுத்து இடைவெளி. டி.என்.ஏ-வை எண்ணெயில் இருபதாயிரம் நுண்துளிகளாகப் பிரித்துவிட்டு ஒவ்வொரு துளியிலும் பி.சி.ஆர் நடத்தினால், பழுதில்லாத புரோவைரஸ் விழுந்த துளியில் இரு நிறமும் ஒளிரும். முன்பாதி போனதில் என்வ் மட்டும், பின்பாதி போனதில் சை மட்டும். எழுத்து மாறிக் கெட்டதைப் பிடிக்க என்வ் இடத்தில் ஒரு சின்ன சூழ்ச்சி: கெட்ட வரிசைக்குப் பொருந்தும், நிறம் பூசாத இரண்டாவது புரோப் ஒன்றையும் கூடவே போடுவார்கள். அது கெட்ட வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிறம் வராது. அதுவும் சை மட்டும் ஒளிரும் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

ஒரே துளியில் தற்செயலாக இரண்டு அரைகுறை வைரஸ் விழுந்து இரு நிறம் காட்டாதா என்று கேட்கலாம். இருபதாயிரம் துளிக்குச் சில பத்து புரோவைரஸ்தான் இருக்கும் என்பதால் அந்த வாய்ப்பு மிகச் சிறிது.

வரிசைப்படுத்திப் பார்த்த தரவோடு ஒப்பிட்டால் பழுதானவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்த இரண்டு தொடுதலிலேயே விலகிவிடும். ஆனாலும் விலகாமல் 'நெல்' என்று எண்ணப்படுவதில் சுமார் 70 விழுக்காடுதான் உண்மையில் முழுமையானது. மீதியில் நடுவே ஒரு துண்டு போயிருக்கும், அல்லது ஓர் எழுத்து நழுவியிருக்கும். ஜீன் கத்தரி சிகிச்சைகளைச் சோதிக்கிறவர்கள் இதை அடிக்கோடிட வேண்டும். கத்தரி வெட்டிய இடம் இந்த இரண்டு இடங்களுக்கு வெளியே ஒரு சிறு தழும்பாக ஆறியிருந்தால், வைரஸ் செத்திருந்தும் இந்தச் சோதனை அதை உயிருள்ளதாகவே எண்ணும்.

செய்முறையும், கெடும் இடங்களும்

ரத்தம் 20 முதல் 30 மில்லிலிட்டர் போதும். வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய நிம்மதி, ஆய்வில் சேர்பவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை நீட்ட மனம் வரும். ஃபிகால் என்ற அடர்கரைசல் மேல் சுழற்றினால் மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம் ஒற்றைக்கரு செல்கள் (சி.டி.4 உள்ளிட்ட வெள்ளை அணுக்கள்) கிடைக்கும். அதிலிருந்து காந்த மணிகளால் வேண்டாததை நீக்கி சி.டி.4 செல்களைத் தனியே எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்து ஒற்றைக்கரு செல்களையே நேராகப் போடுகிறவர்கள் உண்டு. பணம் மிச்சம், எண் குழப்பம். சிகிச்சையால் சி.டி.4 விகிதம் 25-லிருந்து 35 விழுக்காட்டுக்கு ஏறினால், தேக்கம் மாறாமலே 'பத்து லட்சம் செல்லுக்கு இத்தனை' என்ற எண் ஏறிக் காட்டும். அப்படியே செய்தாக வேண்டுமானால் அதே நாளின் சி.டி.4 விகிதத்தை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல் வகைகளை எண்ணும் கருவி) எடுத்து வைத்து, அதைக்கொண்டு திருத்துங்கள்.

முழுச் சோதனையின் தலைவிதியும் டி.என்.ஏ பிரிப்பில் இருக்கிறது. சை ஒரு முனை, என்வ் மறுமுனை. நடுவில் ஏழாயிரம் எழுத்து. பிரிக்கும்போது இழை நடுவில் முறிந்தால் ஒரு நல்ல நெல்மணி இரண்டு பதராக மாறி, சை கூட்டத்தில் ஒன்றும் என்வ் கூட்டத்தில் ஒன்றுமாக எண்ணப்படும். ஆகவே வோர்டெக்ஸ் (குழாயை அதிரவைத்துக் கலக்கும் கருவி) கூடவே கூடாது. குறுகிய முனை டிப் வேண்டாம், அகன்ற வாய் டிப் போதும். உறையவைத்து உருக்குவதை ஒரு தடவையோடு நிறுத்துங்கள். பிரித்த டி.என்.ஏ கரைய நேரம் பிடித்தால் அறை வெப்பத்தில் ஓரிரவு வையுங்கள், பிப்பெட்டால் அடித்துக் கலக்க வேண்டாம். மற்ற டிராப்லெட் சோதனைகளில் கையில் வந்த பழக்கம் ஒன்று இங்கே எதிரி: மனித டி.என்.ஏ அதிகம் போடும்போது பிசுபிசுப்பைக் குறைக்க நறுக்கு நொதி சேர்ப்பது. இங்கே அது சைக்கும் என்வ்-க்கும் நடுவே வெட்டிவிட்டால் பழுதில்லாதது ஒன்றுகூட மிஞ்சாது. புதிதாகச் சேர்ந்தவர் பழைய தாளைப் பார்த்து நொதியைப் போட்டுவிட்டு, 'இந்த ஆளிடம் எல்லாமே பழுது' என்று அறிக்கை எழுதக்கூடிய இடம் இது.

முறிவை முழுக்கத் தவிர்க்க முடியாது என்பதால் அளந்து திருத்துகிறார்கள். மனித ஜீன் ஆர்.பி.பி.30-ல் இரண்டு இடங்களை, வைரஸின் இரு இடங்களுக்குள்ள அதே தூரத்தில் தேர்ந்து, தனிக் கிணற்றில் அதே இரு நிறச் சோதனை. மனித ஜீனில் பழுது கிடையாது. எனவே ஒரு நிறம் மட்டும் காட்டும் துளியெல்லாம் முறிந்த இழை. அந்த விகிதமே முறிவுக் குறியீடு. நல்ல கையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். பாதியைத் தாண்டினால் அந்த டி.என்.ஏ-வைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பிரியுங்கள். கணக்கில் திருத்தலாம்தான், ஆனால் திருத்தம் பெரிதாகப் பெரிதாக அதன் பிழையும் சேர்ந்து பெருகும்.

வைரஸ் கிணற்றுக்கு 700 நானோகிராம் டி.என்.ஏ, ஆர்.பி.பி.30 கிணற்றுக்கு அதை நூறு மடங்கு நீர்த்து 7 நானோகிராம். நீர்க்காமல் போட்டால் எல்லாத் துளியும் ஒளிர்ந்து எண்ண முடியாமல் போகும். ஒரு மனித செல்லில் 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ, எனவே கிணற்றுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் செல். எட்டுக் கிணறு போட்டால் எட்டரை லட்சம் போகும், நிராகரிக்கப்படும் துளிகளும், துளி உருவாக்கும் கார்ட்ரிட்ஜில் தங்குவதும் போக வாசிக்கப்படுவது அதைவிடக் குறையும். கிணற்றில் பத்தாயிரம் துளிக்குக் கீழே வந்தால் அந்தக் கிணற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 700 நானோகிராம் பிசுபிசுப்பாக இருப்பதால் துளி உருவாக்கும்போது காற்றுக் குமிழி எளிதில் நுழையும். கலவையைக் கார்ட்ரிட்ஜில் ஊற்றும்போது பிப்பெட்டை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தாதீர்கள். வெப்பச் சுழற்சிக் கருவியில் ஏற்ற இறக்க வேகத்தை விநாடிக்கு 2 டிகிரியாகக் குறைத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வேகமாக ஓடினால் துளிகள் சீராகச் சூடாகாமல், ஒளிரும் கூட்டத்துக்கும் ஒளிராத கூட்டத்துக்கும் நடுவே மழைத்தூறல் மாதிரிப் புள்ளிகள் சிதறும். கோட்டை எங்கே போடுவது என்பது அப்போது ஆளுக்கு ஆள் மாறும்.

கோட்டைப் போட மூன்று கட்டுப்பாட்டுக் கிணறுகள் வேண்டும்: டி.என்.ஏ இல்லாதது, தொற்றில்லாதவரின் டி.என்.ஏ, ஜே-லேட் போல செல்லுக்கு ஒரு புரோவைரஸ் உள்ள செல்வரிசையின் டி.என்.ஏ. தொற்றில்லாதவரின் கிணற்றில் ஒற்றை நிறப் புள்ளி ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. இரு நிறப் புள்ளி வந்தால் பணியிடம் அசுத்தம், அந்தத் தகடு முழுவதும் வீண்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டுக் கிணற்றில் வாசிக்கப்பட்ட செல்கள் ஆர்.பி.பி.30 கணக்குப்படி 6 லட்சம். இரு நிறத் துளிகள் 39. முறிவுக் குறியீடு 0.35. முறியாமல் தப்பியது 0.65 பங்கு என்பதால் 39-ஐ 0.65-ஆல் வகுத்தால் 60. ஆறு லட்சத்துக்கு 60 என்றால் பத்து லட்சத்துக்கு 100. இதன் எண்ணிக்கைப் பிழை 39-ன் வர்க்கமூலம், அதாவது 6 துளி, சுமார் 16 விழுக்காடு. இதே ஆளிடம் சிகிச்சைக்குப்பின் 4 துளிதான் வந்தது என்றால் பிழை 2 துளி, அதாவது பாதி. 'தொண்ணூறு விழுக்காடு குறைந்தது' என்று தலைப்பு போடுவதற்கு முன் இன்னும் எட்டுக் கிணறு ஓட்டுவது மரியாதை.

இந்திய ரத்தத்தில்

சென்னையில் 1986-ல் சுனிதி சாலமன் தலைமையிலான குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்தது. இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பது வைரஸின் சி சப்டைப் (துணை வகை). தென்னாப்பிரிக்காவிலும் அதுவே. உலகத் தொற்றில் ஏறத்தாழ பாதி சி. ஐ.பி.டி.ஏ-யின் பிரைமரும் புரோபும் வடிவமைக்கப்பட்டது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய பி சப்டைப்பைப் பார்த்து.

பி-யிலேயே தடுமாற்றம் உண்டு. வட அமெரிக்காவில் பி சப்டைப் உள்ள ஒரு குழுவில் 28 விழுக்காட்டினரிடம் எழுத்து வேறுபாட்டால் சோதனை தோற்றதை 2021-ல் ஒரு கனேடியக் குழு வெளியிட்டது. சி-யில் என்வ் இடத்தில் பொருத்தமின்மை இன்னும் அதிகம். மூல வடிவத்தை அப்படியே வாங்கி இந்திய மாதிரியில் ஓட்டுவது, அளவெடுக்காமல் தைத்த சட்டையை வாங்குவது மாதிரிதான். சி-க்கென மாற்றிய வடிவங்களும், பல சப்டைப்புகளுக்குப் பொதுவான வடிவங்களும் அதன்பின் வெளிவந்துள்ளன. அவற்றில் ஒன்றோடு தொடங்குங்கள். அதையும் நம்பிவிடாமல், ஒவ்வொருவரின் சை, என்வ் துண்டுகளையும் முதலில் சாதாரண சாங்கர் முறையில் (டி.என்.ஏ எழுத்துகளை வாசிக்கும் பழைய முறை) வரிசைப்படுத்தி, புரோப் உட்காரும் இடத்தில் எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

தோல்வியை அடையாளம் காண்பது ஒருவகையில் எளிது. சை கூட்டத்தில் நூறு புள்ளி இருக்க, என்வ் பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால் அது உயிரியல் அல்ல, புரோப் பொருந்தவில்லை. அந்த மாதிரிக்கு 'பழுதில்லாதது பூஜ்யம்' என்று எழுதுவது பொய். 'அளக்க முடியவில்லை' என்று எழுத வேண்டும். கூட்டம் இருக்கிறது ஆனால் வழக்கமான உயரத்தில் பாதியில் மிதக்கிறது என்றால் ஓரெழுத்துப் பொருத்தமின்மை. பிணைப்பு வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி குறைத்தால் மேலே வரும். ஆனால் அப்போது கெட்ட வரிசைக்கும் நிறம் வரத் தொடங்கலாம். என்வ் புரோபை மாற்றினால், நிறமில்லாத போட்டிப் புரோபையும் அதே எழுத்துக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும். இதை மறந்தால் கெட்டுப்போன வைரஸெல்லாம் நல்லதாக எண்ணப்படும்.

கண்ணுக்குத் தெரியாத தோல்விதான் ஆபத்து. ஒரே ஆளுக்குள் வைரஸ் பல உருவில் இருக்கும். அதில் சிலவற்றோடு புரோப் பொருந்தி, சிலவற்றோடு பொருந்தாவிட்டால், வரைபடம் அழகாகவே வரும், எண் மட்டும் குறைவாக இருக்கும். பொருந்தும் உருவை ஏந்திய ஒரு குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) தானாகச் சுருங்கினால் மருந்து வேலை செய்ததாகத் தோன்றும். தேக்கம் பெரிதும் செல்பிரிவால் உண்டான குளோன்களால் நிலைத்திருப்பதால் இது கற்பனைக் கவலை அல்ல.

சி-யின் இன்னொரு தனித்தன்மையையும் இந்தச் சோதனை பார்க்காது. பி-யின் எல்.டி.ஆர் பகுதியில் (வைரஸ் மரபணுவை இயக்கும் முனை) என்.எஃப்-கப்பா-பி என்ற எழுப்பும் புரதம் உட்கார வழக்கமாக இரண்டு இடம், சி-யில் மூன்று. நான்கு உள்ள வகைகளும் இந்தியாவில் பரவுவதை பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்கா குழு காட்டியிருக்கிறது. உறங்கும் வைரஸ் எவ்வளவு எளிதில் எழும் என்பதில் இதற்குப் பங்கு இருக்கலாம். ஐ.பி.டி.ஏ எண்ணுவது எத்தனை உறங்குகின்றன என்பதை மட்டும்.

பூஜ்யம் வந்தால்

ஆறு லட்சம் செல்லில் ஒரு இரு நிறத் துளிகூட இல்லை என்று வையுங்கள். பூஜ்யத்துக்கு 95 விழுக்காடு மேல் எல்லை 3. முறிவைத் திருத்தினால் 4.6. பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 7.7. உடல் முழுவதும் சி.டி.4 செல்கள் சுமார் 20,000 கோடி. பெருக்கிப் பாருங்கள்: 'பூஜ்யம்' வந்த ஆளிடம் 15 லட்சம் செல் வரை ஒளிந்திருக்க இடமிருக்கிறது. அதிலும் ரத்தத்தில் ஓடுவது உடலின் லிம்ஃபோசைட்டுகளில் 2 விழுக்காடு அளவே. நிணநீர்க் கணுக்களும் குடல் சுவரும் இந்தக் குழாயில் வருவதில்லை.

பாஸ்டனில் எலும்பு மஜ்ஜை மாற்றம் பெற்ற இருவரிடம் அப்போதிருந்த கூர்மையான சோதனைகள் எல்லாம் எதையும் காணவில்லை. மருந்தை நிறுத்தியபின் ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் வைரஸ் திரும்பியது. மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கிய குழந்தை, மருந்தில்லாமல் 27 மாதம் இருந்தபின் 2014-ல் வைரஸோடு திரும்பியது. ஓர் ஆண்டு மருந்தில்லாமல் இருக்கப் பெரும்பாலோருக்குத் தேக்கம் 2,000 மடங்கு குறைய வேண்டும், ஆயுளுக்கும் திரும்பாமல் இருக்க 10,000 மடங்கு என்று அதே ஆண்டில் ஒரு கணித மாதிரி சொன்னது. நம் உதாரணத்தில் 39 துளியில் தொடங்கினோம். இந்த அளவுகோலால் அதிகபட்சம் 39 மடங்கு குறைவைத்தான் பார்க்க முடியும், அதற்குக் கீழே எல்லாம் இருட்டு. தானாகவே வைரஸ் ஒழிந்தவராகக் கருதப்படும் அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நகரப் பெண்ணிடம் பழுதில்லாத வைரஸ் இல்லை என்று 2021-ல் எழுதத் துணிந்தவர்கள் நூறு கோடிக்கு மேற்பட்ட ரத்த செல்களையும், பிரசவத்துக்குப்பின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து 50 கோடி செல்களையும் சலித்த பிறகே எழுதினார்கள்.

எங்கே எடுபடாது என்பதில் இன்னொன்று. வைரஸ் குரோமோசோமில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று இது சொல்லாது. மருந்தில்லாமலே வைரஸை அடக்கும் அபூர்வ மனிதர்களிடம் பழுதில்லாத வைரஸ்கள் ஜீனே இல்லாத பாலைப் பகுதிகளில் புதைந்து கிடப்பதை 2020-ல் கண்டார்கள். அவை எண்ணிக்கையில் இருக்கும், எழாது. உறங்கும் வைரஸை எழுப்பிக் கொல்லும் உத்திக்குப் பதில் எழாமலே பூட்டிவைக்கும் உத்தியில் வேலை செய்பவர்களுக்கு ஐ.பி.டி.ஏ வாங்குவது வீண் செலவு. மருந்து முழு வெற்றி பெற்றாலும் எண் மாறாது. எழுப்பும் மருந்துகளுக்கும் முதலில் வேண்டியது செல்லுக்குள் வைரஸ் ஆர்.என்.ஏ அளவுதான். 2012-ல் வட கரோலினாவில் வோரினோஸ்டாட் அதைச் சராசரியாக 4.8 மடங்கு ஏற்றியது, பின்னர் பல வேளை கொடுத்துப் பார்த்தபோதும் தேக்கம் குறையவில்லை. எழுந்தது சாகவில்லை என்பது இரண்டு அளவீடும் கையில் இருந்ததால்தான் தெரிந்தது.

மாற்றுச் சரக்குகள்

ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வந்த க்யூ4 பி.சி.ஆர், சை, காக், போல், என்வ் என நான்கு இடங்களைத் தொட்டு, பிறகு முழு நீளத்தையும் வரிசைப்படுத்துகிறது. பதர் கலப்பது மிகக் குறைவு. ஆனால் முழு நீளத்தை முதலில் பெருக்க வேண்டியிருப்பதால் வழியில் நல்லதும் கொஞ்சம் நழுவும், உழைப்பும் பல மடங்கு. ஐந்து இடங்களைத் தொடும் டிராப்லெட் வடிவமும் உண்டு. முழு நீள வரிசைப்படுத்தல் யாரும் கேள்வி கேட்க முடியாதது, ஆனால் நூறு பேருக்குச் செய்ய முடியாதது. எங்கள் பரிந்துரை: எல்லா மாதிரிக்கும் சப்டைப்புக்கேற்ற ஐ.பி.டி.ஏ, பத்தில் ஒருவருக்கு முழு நீள வரிசை, மருந்தை நிறுத்திப் பார்க்கப்போகும் ஓரிருவருக்கு வளர்ப்புச் சோதனையும்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எந்த ஆய்வும் தொடங்க வேண்டாம். மருந்து தொடங்கிய முதல் ஏழு ஆண்டில் பழுதில்லாத புரோவைரஸின் அரை ஆயுள் சுமார் 4 ஆண்டு, அதன்பின் 18.7 ஆண்டு என்று இதே சோதனையால் அளந்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் இருப்பவரிடம் ஓராண்டில் எதுவும் செய்யாமலே 16 விழுக்காடு குறையும். அதை உங்கள் மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. இருபது ஆண்டுக்கு மேல் மருந்தில் இருப்பவர்களிடம் எழக்கூடிய தேக்கம் குறைவது நின்று மெல்ல ஏறுவதாக 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவே வளர்ப்புச் சோதனையில் காட்டியது. எனவே ஆய்வில் சேர்ப்பவர்களை மருந்து தொடங்கிய ஆண்டை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி கூட்டு மருந்து) மையத்தில் மாத்திரை வாங்குபவர் ஒருவர் இதைக் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம். வரும் எண்ணை வைத்து மருத்துவர் மாற்றக்கூடியது எதுவும் இல்லை. எண் குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது பாஸ்டனில் நடந்ததைக் கண்காணிப்பே இல்லாமல் செய்வதாகும். அவருக்கு வேண்டியது வழக்கமான வைரஸ் அளவுச் சோதனை. அது அரசு மையங்களில் இலவசம்.